அடுத்தவர் பக்கத்தின் நகலா, நம் பக்கமா?
சிங்கப்பெருமாள் கோவில் மனை வியாபாரத்தை வைத்து ஓர் ஒப்பாய்வு

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு மின்ரயிலில் போனால் மறைமலை நகருக்கு அடுத்த நிலையம் சிங்கப்பெருமாள் கோவில். பாறையைக் குடைந்த சந்நிதியில் நெற்றிக்கண்ணோடு இருக்கும் பாடலாத்ரி நரசிம்மர் ஊருக்குப் பெயர் கொடுத்தார். பிழைப்பைக் கொடுப்பவை சுற்றியுள்ள ஆலைகளும் அலுவலகங்களும். ஒரு பக்கம் ஒரகடத்துக்குப் போகும் சாலை, இன்னொரு பக்கம் 2002-ல் தொடங்கிய மகிந்திரா வேர்ல்டு சிட்டி. இரண்டுக்கும் நடுவே இப்போது அதிகம் விளைவது மனை.

மனை விற்கும் விதம் மாறிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையோரப் பலகைகள் இன்னும் இருக்கின்றன என்றாலும் வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது கைப்பேசியில். முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு விளம்பரம், அதைத் தொட்டால் ஒரு பக்கம், பக்கத்தின் அடியில் பெயரும் எண்ணும் கேட்கும் படிவம். படிவம் நிரம்பினால் அது ஒரு 'லீட்'. லீடுக்குப் போன் போகும், ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்பி 'சைட் விசிட்', ஒத்துவந்தால் டோக்கன் அட்வான்ஸ். இந்தச் சங்கிலியில் விற்பவர் கையில் முழுதாக இருப்பது அந்த ஒரு பக்கம்தான். அதனால்தான் அவரைத் தேடி இணையதள நகல் மென்பொருள் விற்பவர்கள் வருகிறார்கள். எந்தத் தளத்தின் முகவரியையும் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் அதே பக்கம் உங்கள் பெயரில் தயார் என்கிறார்கள். பெரிய கட்டுமான நிறுவனம் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்த பக்கம் ஒரு வேளை பிரியாணி விருந்தின் விலையில் கிடைக்கிறதென்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

வாங்கலாமா என்பதை முடிவு செய்ய அந்த மென்பொருளை ஒரு பக்கமும், இலவச வார்ப்புருவில் நாமே கட்டும் பக்கத்தை மறுபக்கமும் வைத்துப் பார்க்கிறேன். எது அழகு என்பது இங்கே கேள்வி இல்லை. எந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஆளை ஏற்றும்?

முதலில் மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு தளத்தைப் பிரதியெடுக்கும் கருவி புதிதல்ல. டபிள்யூகெட் 1996-லிருந்தும் எச்டிடிட்ராக் 1998-லிருந்தும் இருக்கின்றன. இரண்டும் இலவசம், இரண்டும் மூல நிரலோடு கிடைப்பவை. முகவரியைக் கொடுத்தால் உலாவிக்கு வந்து சேரும் எச்.டி.எம்.எல்., படங்கள், வடிவக் கோப்புகள் எல்லாவற்றையும் இறக்கி, இணைப்புகளைத் திருத்தி, கணினியில் ஒரு கோப்புறையில் போட்டுவிடும். காசு கேட்கும் மென்பொருள்கள் இதற்கு மேல் சேர்ப்பது பெரும்பாலும் ஓர் எடிட்டர், பொத்தான்களையும் இணைப்புகளையும் மாற்றும் வசதி, சிலவற்றில் பக்கத்தை ஏற்றிவைக்க இடம். வசதி வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் 'ரகசியத் தொழில்நுட்பம்' என்று விளம்பரத்தில் சொல்லப்படும் பகுதிக்கு கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது, அதற்கு விலையும் இல்லை.

விமர்சனங்களைப் படித்துவிட்டு வாங்குகிறேன் என்பவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. இவ்வகை மென்பொருள்கள் பலவும் விற்கப்படும் ஜேவிசூ, வாரியர்பிளஸ், கிளிக்பேங்க் போன்ற சந்தைகள் தரகு முறையில் நடப்பவை. யாருடைய இணைப்பு வழியாக நீங்கள் வாங்குகிறீர்களோ அவருக்கு விலையில் ஒரு பங்கு போகும். பல பொருள்களில் அது பாதிவிலை, சிலவற்றில் அதற்கும் மேல். ஆகவே 'நேர்மையான விமர்சனம்' என்ற தலைப்பில் படிப்பவற்றில் பலவற்றை எழுதியவர் நீங்கள் வாங்கினால் சம்பாதிப்பவர். முன்பக்கத்தில் காட்டும் சின்ன விலையோடும் கதை முடியாது. பணம் கட்டியதும் அடுத்த திரையில் 'புரோ' வடிவம், அதற்கடுத்து வணிக உரிமம், அதற்கடுத்து வார்ப்புருத் தொகுப்பு என்று வரிசையாக நீளும். மனைத் தொழிலில் இருப்பவருக்கு இது புதிதாக இருக்காது. சதுர அடி விலை ஒன்று சொல்லி, பிறகு கார்னர் சார்ஜ், மெயின்டனன்ஸ், டாக்குமென்ட் செலவு என்று ஏற்றும் கலை அவருக்குத் தெரியாததா?

இனி, நகல் எடுத்த பக்கத்தோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகிறது, என்னென்ன வராமல் போகிறது என்பதைப் பார்க்கவேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

வராமல் போவதில் முதன்மையானது படிவத்தின் பின்னால் இருக்கும் வேலை. உலாவியில் தெரிவது முகப்பு மட்டும். படிவத்தில் எண்ணைத் தட்டி 'அனுப்பு' என்று தொட்டதும் அதை வாங்கிச் சேமித்து, விற்பனையாளரின் வாட்ஸ்அப்புக்குத் தள்ளும் நிரல் மூலத் தளத்தின் சர்வரில் இருக்கிறது. எந்த நகல் கருவியாலும் அதை வெளியிலிருந்து எடுக்க முடியாது. அதனால் நகல் பக்கத்தின் படிவம் ஒன்று வேலை செய்யாது, அல்லது இன்னும் மோசமாக, மூலத் தளத்தின் சர்வருக்கே எண்ணை அனுப்பிவைக்கும். விளம்பரச் செலவு நம்முடையது, லீட் போட்டியாளருடையது. எடிட்டரில் படிவத்தை மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் மாற்றத் தெரிந்தவருக்குப் புதிய படிவம் போடுவதும் அதே அளவு வேலைதான். இப்போதைய தளங்கள் பலவும் ஜாவாஸ்கிரிப்டால் உலாவியிலேயே கட்டப்படுவதால் எளிய கருவிகளுக்கு வெறும் கூடு மட்டுமே கிடைப்பதும் உண்டு.

ஒட்டிக்கொண்டு வருவது இதைவிடச் சுவாரசியம். வணிகப் பக்கங்கள் பெரும்பாலானவற்றில் கூகுள் அனலிட்டிக்ஸ் குறியீடும் மெட்டா பிக்சலும் இருக்கும். நகல் எடுக்கும்போது அவையும் சேர்ந்து வரும். துப்புரவாக நீக்காவிட்டால், நம் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் மூல உரிமையாளரின் கணக்குக்குத் தகவல் போகும். அனலிட்டிக்ஸ் அறிக்கையில் நம் தளத்தின் பெயரே அவர் கண்ணுக்குத் தெரியும். பிக்சல் இன்னும் ஒரு படி மேல். நாம் காசு கொடுத்து அழைத்துவந்த ஆட்கள் அவருடைய பார்வையாளர் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். அவர்களுக்கே அவர் தன் மனையின் விளம்பரத்தைத் திரும்பக் காட்டலாம். திருட்டு மாங்காயைத் தோட்டக்காரர் வீட்டு வாசலில் கடை போட்டு விற்ற கதைதான். 

இதேபோல, 'இந்தப் பக்கத்தின் அசல் முகவரி இது' என்று தேடுபொறிக்குச் சொல்லும் கெனானிக்கல் குறிப்பு தலைப்பகுதியில் இருந்தால் அதுவும் பெரும்பாலும் அப்படியே வரும். கூகுள் நகலை ஒதுக்கிவிட்டு அசலைக் காட்ட நாமே வழிகாட்டியதாக ஆகும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டாலும், மாற்றமின்றி எடுத்தாண்ட உள்ளடக்கத்தைக் கூகுளின் ஸ்பேம் கொள்கை தனியாகப் பெயர் சொல்லியே தடுக்கிறது. விளம்பரத்தால் வரும் கூட்டத்துக்குத் தேடல் வரிசை முக்கியமில்லை என்று வாதிடலாம், சரிதான். ஆனால் 'சிங்கப்பெருமாள் கோவில் மனை' என்று தட்டித் தேடுகிறவர்தான் விளம்பரத்தைத் தற்செயலாகத் தொட்டவரைவிட வாங்கும் எண்ணத்தோடு வருகிறவர். அவரை இழப்பது சிறிய இழப்பு அல்ல.

எழுத்தும் கூட வரும். நகலெடுத்த பக்கம் சில ஆண்டுகளுக்கு முன் எழுதியது என்று வைத்துக்கொள்வோம். 'ஃபோர்டு ஆலை அருகில்' என்று அதில் இருக்கும். மறைமலை நகர் ஆலையில் கார் உற்பத்தி 2022-ல் நின்றுபோனது. 'கோயம்பேடு பேருந்து நிலையத்துக்கு நேரடிப் பேருந்து' என்று இருக்கும். தென் மாவட்டப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தாகிவிட்டது. வாங்க வருபவர் இந்தச் சாலையில் தினம் போய்வருகிறவராக இருந்தால் இரண்டாவது வரியிலேயே பக்கத்தை மூடிவிடுவார்.

மனைத் தொழிலில் எழுத்து வெறும் அலங்காரமும் அல்ல. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட்டை ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம் செய்யவே கூடாது. பதிந்த பிறகு விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் தள முகவரியும் இருக்கவேண்டும். விற்றுக்கொடுக்கும் முகவரும் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும். பதியாமல் விற்றால் அபராதம் திட்டத்தின் மதிப்பிட்ட செலவில் 10 சதவீதம் வரை போகலாம். பிரிவு 12-ஐத்தான் நம்மவர்கள் கவனிப்பதில்லை. விளம்பரத்தில் சொன்னதை நம்பி முன்பணம் கட்டியவர் அது பொய் என்பதால் நட்டப்பட்டால் மனை போட்டவர் ஈடு செய்யவேண்டும். அவர் விலக விரும்பினால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பவேண்டும். அடுத்தவர் பக்கத்திலிருந்து வந்த '40 அடி தார்ச்சாலை, நிலத்தடி மின்கேபிள், பூங்கா' என்ற வரி நம் பக்கத்தில் நீக்கப்படாமல் நின்றால், அது நாம் கொடுத்த வாக்கு. 'காப்பி அடித்தபோது விட்டுப்போச்சு' என்ற விளக்கத்தை ஆணையம் ஏற்காது. அடுத்தவரின் ரெரா எண்ணே நம் பக்கத்தில் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை.

பதிப்புரிமை பற்றியும் சொல்லவேண்டும், சுருக்கமாக. பக்கத்தின் எழுத்து, படங்கள், நிரல் மூன்றும் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் காவலில் இருப்பவை. தெரிந்தே மீறினால் பிரிவு 63-ன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தக் குற்றத்தில் காவல்துறை வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் நிட் புரோ வழக்கில் சொல்லிவிட்டது. 

ஆனால் சட்டம் எல்லா நகலையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு என்பதை ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சென்னையிலும் மதுரையிலும் 'ஊபர் குளோன்', 'ஏர்பிஎன்பி குளோன்' என்று பெயர் சூட்டியே மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் நடப்பது இந்த இடைவெளியில்தான். அவை அசல் தளத்தின் நிரலை எடுப்பதில்லை, அதே வேலையைச் செய்யும் நிரலைப் புதிதாக எழுதுகின்றன. ஜெர்மனியின் சாம்வர் சகோதரர்கள் ஈபேயைப் பார்த்து அலாண்டோ என்ற ஏலத் தளம் தொடங்கி, சில மாதங்களில், 1999-ல், அதை ஈபேக்கே விற்றது உலகம் அறிந்த கதை. அவர்கள் எடுத்துக்கொண்டது ஈபேயின் வியாபார முறையை. விற்பவர்களையும் வாங்குபவர்களையும் ஜெர்மன் மொழியில் அவர்களே திரட்டினார்கள், விலை கிடைத்தது அந்தத் திரளுக்கு. அதே சகோதரர்களின் நிறுவனம் ஏர்பிஎன்பியைப் பார்த்து 2011-ல் தொடங்கிய விம்டு 2018-ல் மூடப்பட்டதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும். முறையைப் பார்த்துச் செய்தவர்களுக்கே இந்த நிலை என்றால், முகப்பை மட்டும் எடுத்துப் போடுபவருக்கு என்ன மிஞ்சும்?

மறுதரப்பின் நியாயத்தையும் எடுத்துவைக்காமல் போகக்கூடாது. நகல் கருவி மிகவும் கைகொடுக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. நம் தளத்தைச் செய்துகொடுத்தவர் பாஸ்வேர்டையும் எடுத்துக்கொண்டு காணாமல் போய்விட்டார், ஹோஸ்டிங் அடுத்த வாரம் காலாவதியாகிறது என்றால், எச்டிடிட்ராக்கால் இரவோடு இரவாக முகப்பையாவது காப்பாற்றிவிடலாம். இந்தப் பக்கத்துச் சிறு வியாபாரிகளிடம் இந்தக் கதை அடிக்கடி கேட்கக் கிடைக்கும். வேர்டுபிரஸ் தளத்தை ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும், மாற்றங்களை முன்னதாகச் சோதித்துப் பார்க்கவும் டூப்ளிகேட்டர், ஆல்-இன்-ஒன் டபிள்யூ.பி. மைக்ரேஷன் போன்ற பிளகின்கள் இருக்கின்றன. தரவுத்தளத்தையும் சேர்த்துப் பிரதியெடுப்பதால் படிவமும் வேலை செய்யும். போட்டியாளர் பக்கத்தைக் கணினியில் இறக்கி, எந்த வரிசையில் எதைச் சொல்கிறார் என்று படித்துக் கற்றுக்கொள்வதிலும் தவறு காண முடியவில்லை. இவை மூன்றுமே உருப்படியான பயன்கள். மூன்றுக்கும் இலவசக் கருவி போதும்.

இப்போது சொந்தப் பக்கத்தைத் தராசில் வைப்போம். வேர்டுபிரஸ் 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, உலகத் தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அதன் அதிகாரபூர்வத் தொகுப்பில் உள்ள வார்ப்புருக்கள் எல்லாமே நகலெடுக்கவும் மாற்றவும் வெளிப்படையாக அனுமதி தருபவை. ஐந்து நிமிடத்தில் தொடக்கம் வேண்டும் என்ற ஆசையைக் காசில்லாமல், வழக்கில்லாமல் இது நிறைவேற்றிவிடுகிறது. டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், அந்தச் செலவு நகல் பக்கத்துக்கும் தப்பாது.

சொந்தப் பக்கம் தோற்கும் இடம் ஒன்று உண்டு. அது உழைப்பைக் கேட்கும். எழுதவேண்டும், படம் எடுக்கவேண்டும், எதை முதலில் சொல்வது என்று யோசிக்கவேண்டும். பெரிய நிறுவனத்தின் பக்கத்தோடு வைத்துப் பார்த்தால் கொஞ்சம் நாட்டுப்புறமாகத் தெரியும். நகல் மென்பொருளின் உண்மையான வாடிக்கையாளர் இந்த யோசனையைத் தவிர்க்க நினைப்பவர்தான் என்பது என் எண்ணம். ஆனால் தவிர்க்கும் அந்த வேலைதானே விற்பனை? மனை வாங்குபவர் பயப்படுவது பக்கத்தின் நிறத்தைப் பார்த்து அல்ல. பட்டா யார் பேரில், வில்லங்கச் சான்று எத்தனை வருடத்துக்கு, அங்கீகார எண் என்ன, ஏரி உள்வாயில் மண் கொட்டி நிரப்பிய இடமா, மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும்? 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பெயர்களைக் கேட்டவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. இதற்கெல்லாம் பதில் எந்தப் போட்டியாளரின் பக்கத்திலும் இருக்காது, நம் இடத்தைப் பற்றி நமக்குத்தான் தெரியும். நவம்பர் மழையில் லே-அவுட்டின் சாலையைக் கைப்பேசியில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ, மும்பை நிறுவனம் கணினியில் வரைந்த நீச்சல்குளப் படத்தைவிட அதிகம் பேசும்.

மொழியையும் மறக்கக்கூடாது. கட்டுமான நிறுவனங்களின் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் நகலும் ஆங்கிலத்தில்தான் வரும். ஒரகடம் பக்கத்து ஆலைகளில் வேலை பார்த்து, வாடகை வீட்டில் இருந்து, முதல் மனை தேடுபவர்களில் கணிசமானோர் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களின் அப்பாவுக்குக் கணக்கு சென்ட்டில், சென்னைக்காரருக்கு 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டில். 'இரண்டே முக்கால் சென்ட், அதாவது ஏறக்குறைய 1,200 சதுர அடி' என்று தமிழில் ஒரு வரி எழுதினால், வாங்கப்போகும் பிள்ளை ஊரில் இருக்கும் அப்பாவுக்கு அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பணம் பாதி அங்கிருந்துதான் வரவேண்டியிருக்கிறது.

கடைசியாக, மக்களின் சந்தேகம். போலித் தளங்களைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இப்போது குறைவு. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தளத்தைப் போலவே தோற்றமும் முகவரியும் வைத்து ஏமாற்றியவர்கள்மீது அடுக்கடுக்காக வழக்குகள் வந்திருக்கின்றன. அமுல் பெயரில் டீலர்ஷிப் தருவதாகப் பணம் பறித்த தளங்களை முடக்க 2020-ல் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தச் செய்திகளைப் படித்தவர், பெரிய நிறுவனத்தின் பக்கம் போலவே இருந்து முகவரி மட்டும் வேறாக இருக்கும் ஒன்றைக் கண்டால் மோசடி என்றுதான் நினைப்பார். குரோம் உலாவி எச்சரிக்கைச் சிவப்புத் திரையை வைத்துவிட்டால் விளம்பரக் கணக்கும் அதோடு மாட்டிக்கொள்ளும். சாதாரணமான, ஆனால் சொந்தமான பக்கத்துக்கு இந்த ஆபத்து இல்லை.

ஆக, என் தீர்ப்பு: இணைய விளம்பரத்துக்காக நகல் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கவேண்டாம். நம் சொந்தத் தளத்தைப் பாதுகாக்க வேண்டுமென்றால் இலவசக் கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் தளத்தை எடுக்க வேண்டுமென்றால் எந்தக் கருவியும் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் ஒருவரை அமர்த்தி வேர்டுபிரஸ் பக்கத்தில் ரெரா எண்ணையும் பட்டா விவரத்தையும் மழைக்கால வீடியோவையும் ஏற்றச் சொல்லுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்பவர், பணம் கட்டும் முன் விற்பவரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்கட்டும்: நகலெடுத்த படிவத்தில் தட்டிய எண் யாருக்குப் போகும், வக்கீல் நோட்டீஸ் வந்தால் யார் பதில் சொல்வது?